சுவரில் செருகிய சர்வர்

2009 பிப்ரவரி கடைசியில் மார்வெல் என்கிற அமெரிக்க சிப் கம்பெனி (காமிக்ஸ் மார்வெல் இல்லைங்க, இது வேற) ஒரு வெள்ளை டப்பாவை வெளியிட்டது. பார்க்க கொஞ்சம் பருத்த சார்ஜர் மாதிரி இருக்கும். சுவரில் இருக்கிற பிளக் பாயிண்டில் அப்படியே செருகிவிடலாம். ஆனால் உள்ளே இருந்தது ஒரு முழுக் கம்ப்யூட்டர். 1.2 கிகாஹெர்ட்ஸ் ப்ராசசர், 512 எம்பி ராம், 512 எம்பி ஃபிளாஷ், ஒரு ஜிகாபிட் ஈதர்நெட் போர்ட், ஒரு யூஎஸ்பி போர்ட், எஸ்டி கார்டு போட ஓர் இடம். ஓடுவது லினக்ஸ். ஸ்கிரீன் மாட்ட வழி கிடையாது, ஃபேன் கிடையாது. விலை 99 டாலர், எடுக்கிற மின்சாரம் சுமாராக 5 வாட். பெயர் ஷீவாபிளக்.

இதே விலை 49 டாலருக்கு இறங்கும், வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கும் என்றெல்லாம் அப்போது பேசினார்கள். இன்றைக்கு 'பிளக் கம்ப்யூட்டர்' என்று சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்காவது தெரியுமா என்பது சந்தேகம். இந்த வகை டப்பாக்களின் ஆட்டம் மொத்தமே மூன்று நாலு வருஷம்தான். கொஞ்ச நாளாக இவற்றைப் பற்றிக் குறிப்பு சேர்த்துக்கொண்டு வருகிறேன். வீட்டிலேயே சர்வர் வைத்துக்கொள்ளும் யோசனை ஏன் பரவவில்லை என்று கேட்டால், 'ஜனங்க சோம்பேறிங்க, கிளவுட் சுலபம்' என்று ஒரு பதில் ரெடியாக வரும். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இயந்திரம் தயாராகத்தான் இருந்தது. விலையும் பெரிய தடை இல்லை. அடைத்தது வேறு ஓர் இடத்தில்.

அதற்கு முன்னால், ஷீவாபிளக்கின் முன்னோரைப் பார்த்துவிடலாம். கதையின் சுவாரசியமான பகுதியே அங்கேதான் இருக்கு.

2004இல் லிங்க்சிஸ் கம்பெனி என்எஸ்எல்யூ2 என்று ஒரு பெட்டி விற்றது. உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிசு. வேலை ரொம்ப எளிமை: பின்னால் இரண்டு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்குகளைச் செருகினால், வீட்டு நெட்வொர்க்கில் இருக்கும் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் அந்த டிஸ்க் தெரியும். அவ்வளவுதான். நூறு டாலருக்குள் கிடைத்தது. உள்ளே இன்டெலின் எக்ஸ்ஸ்கேல் வகை ப்ராசசர், 32 எம்பி ராம், 8 எம்பி ஃபிளாஷ். அதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 266 மெகாஹெர்ட்ஸில் ஓடக்கூடிய அந்த ப்ராசசரை ஆரம்பத்தில் வந்த பெட்டிகளில் 133இல் ஓடும்படி பாதியாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். பலகையில் ஒரே ஒரு ரெசிஸ்டரைப் பிடுங்கினால் முழு வேகம் வந்துவிடும். இந்த விஷயம் வெளியே தெரிந்ததும் எத்தனை பேர் சால்டரிங் அயர்னைத் தூக்கியிருப்பார்கள், நினைத்துப் பாருங்க.

அந்தப் பெட்டியில் ஓடியது லினக்ஸ். ஜிபிஎல் உரிமத்தின்படி மூல நிரலை வெளியிட வேண்டிய கடமை லிங்க்சிஸுக்கு இருந்தது. இதற்கு முந்தைய வருஷம், 2003இல், அவர்களுடைய புகழ்பெற்ற டபிள்யூஆர்டி54ஜி ரௌட்டர் விஷயத்திலும் இதுதான் நடந்தது. லினக்ஸ் ஆட்கள் கேள்வி கேட்க, நிரல் வெளியே வந்தது, அதிலிருந்து ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திட்டங்கள் முளைத்தன. என்எஸ்எல்யூ2 நிரலும் அப்படி வெளியே வந்தது. பெயரின் முதல் எழுத்துகளைச் சுருக்கி அந்தப் பெட்டிக்கு 'ஸ்லக்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். ஸ்லக் என்றால் ஓடில்லாத நத்தை. வேகத்தைப் பார்த்தால் பொருத்தமான பெயர்தான்.

ஸ்லக்கைச் சுற்றி உருவான கூட்டம் செய்த வேலைகள் ஆச்சரியம். கம்பெனி கொடுத்த மென்பொருளை அப்படியே வைத்துக்கொண்டு மேலே புதுசு சேர்ப்பதற்கு 'அன்ஸ்லங்' என்று ஒரு வழி. முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக நிறுவ 'ஓப்பன்ஸ்லக்' என்று இன்னொரு வழி. 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0 இந்தப் பெட்டியை முறைப்படி ஆதரித்தது. 32 எம்பி ராமில் டெபியன்! நிறுவி முடிக்க மணிக்கணக்கில் ஆகும். இரவு ஆரம்பித்துவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டியதுதான். பூட் ஆகும்போது சுமார் இரண்டு விநாடி ஒரு சந்து திறக்கும். அந்த நேரத்துக்குள் நெட்வொர்க் வழியாக உள்ளே புகுந்து விசையை அழுத்தினால் பூட்லோடர் உங்கள் கையில். தவறவிட்டால் மறுபடியும் ஆஃப் பண்ணி ஆன் பண்ணு.

ஆனால் ஓர் இடத்தில் எல்லோரும் முட்டிக்கொண்டார்கள். ஸ்லக்கின் நெட்வொர்க் போர்ட் வேலை செய்ய இன்டெல் கொடுக்கும் ஒரு மைக்ரோகோடு வேணும். அதன் உரிமம் கட்டற்றது இல்லை. அதனால் டெபியன் தன் அதிகாரபூர்வ இன்ஸ்டாலரில் அதைச் சேர்க்க முடியவில்லை. ஒரு சர்வர் பெட்டி, அதற்குத் திரை இல்லை, கீபோர்டு இல்லை, இருக்கிற ஒரே வாசல் நெட்வொர்க்தான். அந்த வாசலின் சாவி மட்டும் இன்னொருத்தர் பையில். இந்த அமைப்பை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்க. இதே கதை வேறு வேஷத்தில் திரும்ப வரும்.

இப்போது மார்வெலுக்கு வருவோம். 2006இல் இன்டெல் தன்னுடைய எக்ஸ்ஸ்கேல் தொழிலில் மொபைல் சாதனங்களுக்கான பகுதியை மார்வெலுக்கு 60 கோடி டாலருக்கு விற்றது. மார்வெலிடம் ஏற்கெனவே ஆர்ம் உரிமம் வாங்கித் தானே வடிவமைத்த ஒரு ப்ராசசர் இருந்தது. ஹார்ட் டிஸ்க்குக்கான சிப்களும் அவர்களுடைய பழைய தொழில். டிஸ்க் தெரியும், நெட்வொர்க் தெரியும், ப்ராசசரும் கையில் இருக்கு. மூன்றையும் ஒரே சிப்பில் போட்டார்கள். அந்த வரிசையில் வந்ததுதான் 'கிர்க்வுட்'. க்யூநாப், சினாலஜி, பஃபலோ என்று அன்றைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டிகள் பலவற்றில் உள்ளே இருந்தது இந்தச் சிப் குடும்பம்தான். ஜிகாபிட் ஈதர்நெட், சாட்டா, ரெய்டு கணக்கைப் போட ஒரு தனிப் பகுதி, மறையாக்கத்துக்கு ஒரு தனிப் பகுதி என்று எல்லாம் சிப்பிலேயே இருந்தது. ஆக ஷீவாபிளக் பொம்மைக் கம்ப்யூட்டர் இல்லை. விலை உயர்ந்த ஸ்டோரேஜ் பெட்டிக்குள் இருக்கிற அதே மூளையை எடுத்துச் சார்ஜர் கூட்டுக்குள் வைத்தார்கள். மார்வெல் வடிவமைப்பைக் கொடுத்தது, தயாரித்து விற்றது குளோபல்ஸ்கேல் என்ற கம்பெனி.

ஏன் சார்ஜர் வடிவம்? எந்தச் சின்னப் பெட்டியை வாங்கினாலும் கூடவே ஒரு அடாப்டர் வந்து பிளக் பாயிண்டை அடைத்துக்கொள்ளும், இல்லையா? அந்த அடாப்டரே பெட்டி ஆகிவிட்டால் மேஜையில் ஒன்றும் இருக்காது. நல்ல யோசனைதான். ஆனால் அமெரிக்கச் சுவருக்கு உகந்த யோசனை. தட்டையான முனை நம் ஊர் மூணு ஓட்டைப் பாயிண்டில் நிற்காது. நல்லவேளையாக அந்த முனைப் பகுதியைத் தனியாகக் கழற்றிவிட்டு ஒரு மின் கம்பியை மாட்டிக்கொள்ளலாம். அதனால் இங்கே அது சுவரில் தொங்காமல் ரௌட்டர் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். 'பிளக்' என்ற பெயருக்கே அர்த்தம் போச்சு.

மின்சாரக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்த்துவிடலாம். 5 வாட், நாள் முழுக்க, 60 நாள்: 7.2 யூனிட். அதே வேலையை ஒரு பழைய டெஸ்க்டாப்பை வைத்துச் செய்தால், அது 80 வாட் எடுக்கிறது என்று வச்சுக்கங்க, 115 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாசத்துக்கு ஒருமுறை. 2016லிருந்து முதல் 100 யூனிட் இலவசம். அந்த இலவசம் முழுவதையும் ஒரு பழைய டெஸ்க்டாப் தனியாளாகத் தின்று தீர்த்துவிடும். பிளக்குக்கு ஆவது அதில் ஒரு மூலை. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தை நினைத்துப் பாருங்க. டெஸ்க்டாப் சர்வரை இன்வெர்ட்டரில் ஓட்டுகிறேன் என்றால் வீட்டில் சண்டை வரும். 5 வாட் ஓடுவது யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. 'குறைந்த மின்சாரம்' என்பது அமெரிக்கக் கட்டுரைகளில் சுற்றுச்சூழல் விஷயமாக வரும். நமக்கு அது வேற மாதிரி விஷயம்.

ஷீவாபிளக்கில் எனக்கு மிகப் பிடித்த ஒன்று பக்கவாட்டில் இருந்த மினி யூஎஸ்பி ஓட்டை. அதில் ஒரு கேபிளைச் செருகி லேப்டாப்பில் சொருகினால், சீரியல் கன்சோல் நேராகக் கிடைக்கும். பூட்லோடரின் முதல் வரியிலிருந்து எல்லாம் கண்முன்னே ஓடும். எந்த நிலையில் கெட்டுப் போனாலும் உள்ளே போய்ச் சரிசெய்ய வழி உண்டு. ஸ்லக்கில் இரண்டு விநாடிச் சந்துக்காகக் காத்துக் கிடந்தவர்களுக்கு இது எப்படி இருந்திருக்கும்! டெவலப்பர்களுக்கு என்று சொல்லி விற்றதால் இதெல்லாம் கிடைத்தது.

என்ன பண்ணினார்கள் இதை வைத்து? யூஎஸ்பியில் டிஸ்க்கை மாட்டிச் சாம்பா வழியாகக் கோப்புப் பகிர்வு. இரவெல்லாம் டோரண்ட். பிரிண்டரைப் பொதுவாக்குவது, பாட்டு, படம் வீட்டுக்குள் ஒளிபரப்புவது, கிட் களஞ்சியம், சொந்த வலைத்தளம், சின்ன அஞ்சல் சர்வர். நெட்வொர்க் போர்ட் ஜிகாபிட்டாக இருந்தும் டிஸ்க் போகிற வழி யூஎஸ்பி 2.0 என்பதால் அதற்குமேல் வேகம் வராது. ஒற்றை டிஸ்க், ரெய்டு இல்லை. இருந்தாலும் ஒரு குடும்பத்துக்கு இது தாராளம்.

குறை இல்லாமல் இல்லை. மின்வழங்கியும் கம்ப்யூட்டரும் காற்றுப் போகாத ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருந்ததில், சூட்டில் முதலில் போனது மின்வழங்கிதான். ஷீவாபிளக்கின் மிகப் பிரபலமான கோளாறே இது. கூட்டைத் திறந்து, அந்தப் பகுதியைத் தள்ளிவிட்டு, வெளியிலிருந்து 5 வோல்ட் அடாப்டர் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். 2010இல் வந்த குருபிளக்கில் வைஃபை, புளூடூத் சேர்ந்தது. இரண்டு ஜிகாபிட் போர்ட் இருந்த மாடல் சூடு தாங்காமல் கடைசியில் ஃபேன் வைக்க வேண்டி வந்தது. சத்தமில்லாத சர்வர் என்று சொல்லித்தானே ஆரம்பித்தது! 2011இல் வந்த ட்ரீம்பிளக்கில் மின்வழங்கியையே தனியாகப் பிரித்துவிட்டார்கள். சார்ஜருக்குள் கம்ப்யூட்டர் என்ற மூல யோசனை இரண்டே வருஷத்தில் சார்ஜரிலிருந்து வெளியே வந்துவிட்டது.

மென்பொருள் பக்கமும் ஓர் அடி விழுந்தது. ஷீவாபிளக் உபுண்டு 9.04உடன் வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் வந்த உபுண்டு 9.10 புதிய தலைமுறை ஆர்முக்குத் தாவிவிட்டது. கிர்க்வுட் ஆர்மின் ஐந்தாம் பதிப்பு. வாசலுக்கு வெளியே நின்றது. 2011 பிப்ரவரியில் வந்த டெபியன் 6.0 கைதூக்கி விட்டிருக்காவிட்டால் இந்தப் பெட்டிகள் அப்போதே குப்பைக்குப் போயிருக்கும்.

ஆனால் இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள். சூட்டுக்கு அடுத்த மாடல் இருக்கு, பழைய உபுண்டுக்கு டெபியன் இருக்கு. சரிசெய்ய முடியாத ஒன்று வீட்டுக்கு வெளியே, தெருக் கம்பத்தில் இருந்தது.

வீட்டில் சர்வர் இருக்கு. ஆபீஸிலிருந்து அதை எப்படித் தொடுவது? முதல் சிக்கல், பிராட்பேண்ட் கம்பெனி கொடுக்கும் முகவரி அடிக்கடி மாறும். இரண்டாவது, ரௌட்டருக்குப் பின்னால் இருக்கிற பெட்டிக்கு வெளியிலிருந்து யாரும் தானாக வர முடியாது. ரௌட்டரில் போர்ட் திறந்துவிட வேணும். மூன்றாவது, ஏடிஎஸ்எல் இணைப்பு ஆரம்பத்திலிருந்தே ஒருபக்கம் சாய்ந்தது. இறக்கத்துக்கு அகலம், ஏற்றத்துக்கு ஒற்றையடிப் பாதை. 512 கேபிபிஎஸ் ஏற்ற வேகம் என்றால் விநாடிக்கு 64 கேபி. 4 எம்பி புகைப்படம் ஒன்று வீட்டிலிருந்து வெளியே வர ஒரு நிமிஷத்துக்கு மேல். வீட்டில் இருப்பவர் வாங்குபவர் மட்டும்தான், தருபவர் இல்லை என்று யாரோ முன்னாடியே முடிவு பண்ணி அந்தக் கம்பியை இழுத்திருக்கிறார்கள். பிற்பாடு பல கம்பெனிகள் நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்க ஆரம்பித்ததும், போர்ட் திறக்கிற வித்தையும் செல்லாமல் போனது. உங்கள் ரௌட்டர் உங்கள் கையில் இருக்கு, ஆனா அதற்கும் மேலே இன்னொரு ரௌட்டர், அது அவர்கள் கையில்.

இந்த இடத்தில்தான் சான் பிரான்சிஸ்கோவின் கிளவுட் எஞ்சின்ஸ் கம்பெனி 2009இல் போகோபிளக்கோடு வந்தது. ஷீவாபிளக் வடிவமைப்பிலிருந்து பிறந்த பெட்டிதான். வாங்குபவருக்கு லினக்ஸ் தெரிய வேண்டாம், ரௌட்டரைத் தொட வேண்டாம். பெட்டி தானாக உள்ளிருந்து வெளியே கம்பெனியின் சர்வருக்கு ஒரு தொடர்பை வைத்துக்கொள்ளும். நீங்கள் வெளியூரிலிருந்து அந்தக் கம்பெனியின் வலைப்பக்கத்துக்குப் போனால், அது உங்களை வீட்டுப் பெட்டியோடு இணைத்துவிடும். மாதக் கட்டணம் இல்லை. டெக்சாஸ், ஆஸ்டினின் கோட்லேத் கம்பெனியும் (நிறுவனர் மதன் கனகவேல், பேரைப் பார்த்ததும் நமக்கு ஒரு சந்தோஷம்) டோனிடோபிளக் என்று இதே வழியில் ஒன்று விற்றது. உண்மையைச் சொல்லணும்னா, கெட்டிக்காரத்தனமான தீர்வு இது. சாதாரண மனுஷருக்கு வீட்டு சர்வரை உபயோகப்படும்படி செய்தவர்கள் இவர்கள்தான்.

ஆனால் யோசித்துப் பாருங்க. டிஸ்க் உங்கள் வீட்டில். படங்கள் உங்கள் டிஸ்க்கில். வாசல் மட்டும் கம்பெனியில். அவர்கள் கடையை மூடினால் உங்கள் வீட்டிலேயே இருக்கிற பெட்டிக்கு வெளியிலிருந்து போக வழியில்லை. ஸ்லக்கின் மைக்ரோகோடு ஞாபகம் வருதா?

கடையை மூடுவார்களா என்று அப்போது கேட்டவர்களுக்கு அதே 2009இல் ஒரு பதில் வந்தது. அக்டோபர் 26ஆம் தேதி யாஹூ ஜியோசிட்டீஸை மூடியது. ஆரம்பகாலத் தமிழ் இணையத்தோடு புழங்கியவர்களுக்கு இது என்ன என்று விளக்க வேண்டாம். யூனிகோடுக்கு முன்னால், ஆளுக்கொரு எழுத்துருவை வைத்துக்கொண்டு போட்ட பக்கங்களில் எத்தனையோ அங்கேதான் இருந்தன. கவிதை, ஊர் வரலாறு, சமையல் குறிப்பு, எல்லாம். தன்னார்வலர்கள் ஓடி ஓடி நகலெடுத்ததில் ஒரு பகுதி மிஞ்சியது. எழுதியவருக்கே தன் பக்கத்தின் பிரதி இல்லாமல் போனது பலருக்கு நடந்தது.

எபன் மோக்லன் என்கிற கொலம்பியா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர், ஜிபிஎல் மூன்றாம் பதிப்பை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர், 2010 பிப்ரவரி 5ஆம் தேதி நியூயார்க்கில் ஓர் உரை நிகழ்த்தினார். இணையத்தில் எல்லாக் கம்ப்யூட்டரும் சமம் என்று ஆரம்பித்த ஏற்பாடு, கொடுக்கிற சர்வர் ஒருபக்கம், வாங்குகிற வீட்டு இயந்திரம் மறுபக்கம் என்று பிரிந்துவிட்டது. யார் எதைப் பார்த்தார்கள் என்கிற பதிவேடெல்லாம் சர்வர் பக்கமே குவிகிறது. அதிகாரமும் அங்கேயே குவிகிறது என்பது அவர் வாதம். அதற்கு அவர் சுட்டிக்காட்டிய மருந்து இந்தப் பிளக் பெட்டிகள்தான். உங்கள் சமூக வலைப்பக்கம், அஞ்சல், காப்புப் பிரதி எல்லாம் உங்கள் வீட்டுச் சுவரில் ஓடட்டும் என்றார். அந்த உரையைக் கேட்ட நியூயார்க் பல்கலைக்கழக மாணவர்கள் நாலு பேர் டயஸ்போரா என்ற சமூக வலைத்தளத்தை ஆரம்பித்தார்கள். மோக்லன் 2011இல் ஃப்ரீடம்பாக்ஸ் அறக்கட்டளையைத் தொடங்கினார். கிக்ஸ்டார்ட்டரில் 30 நாளில் 60,000 டாலர் கேட்டார்கள். ஐந்து நாளைக்குள் சேர்ந்துவிட்டது. முதலில் தேர்ந்தெடுத்த வன்பொருள் ட்ரீம்பிளக்.

ஒரு சட்டப் பேராசிரியர் சார்ஜர் அளவுப் பெட்டியில் அரசியல் பார்த்தது எனக்கு மிகையாகத் தெரியவில்லை. ஆனால் அவர் உரையில் வீட்டுக்கு வரும் கம்பியின் சாய்வுக்கு மருந்து கிடைக்கவில்லை. பெட்டியைக் கட்டற்றதாக ஆக்கலாம். கம்பியை யார் ஆக்குவது?

இதற்கிடையில் போகோபிளக் பக்கம் ஒரு தலைகீழ் வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. சீகேட் அதே தொழில்நுட்பத்தை வாங்கி டாக்ஸ்டார் என்று ஒரு குட்டிப் பெட்டி போட்டது. 128 எம்பி ராம், அதே கிர்க்வுட். சீகேட், போகோபிளக் இரண்டும் பிற்பாடு தள்ளுபடியில் ஷீவாபிளக் விலையில் கால்வாசிக்கெல்லாம் வந்தன. லினக்ஸ் ஆட்கள் விடுவார்களா? வாங்கியதும் கம்பெனியின் சேவையைத் துண்டித்துவிட்டு, யூஎஸ்பி டிஸ்க்கிலிருந்து டெபியன் பூட் ஆகும்படி பூட்லோடரை மாற்றினார்கள். இந்தப் பெட்டிகளுக்காகவே ஆரம்பித்த 'பிளக்ஆப்ஸ்' என்ற திட்டம் வளர்ந்துதான் ஆர்ச் லினக்ஸ் ஆர்ம் ஆனது. இணையத்தில் விடுவதற்கு முன் பெட்டியை மாற்றிவிடு, இல்லாவிட்டால் அது தானாகப் புதுப்பித்துக்கொண்டு உள்ளே போகும் வழியை அடைத்துவிடும் என்பது அப்போது எல்லோரும் எல்லோருக்கும் சொன்ன எச்சரிக்கை.

இதில் ஷீவாபிளக் மாதிரி சௌகரியமான மினி யூஎஸ்பி கன்சோல் கிடையாது. மூடியைத் திறந்தால் பலகையில் சில ஊசிகள் நிற்கும், 3.3 வோல்ட் சீரியல். அதற்கு ஏற்ற மலிவான கேபிள் எது தெரியுமா? பழைய நோக்கியா போனுக்கான சிஏ-42 டேட்டா கேபிள். அதன் தலைக்குள்ளேயே யூஎஸ்பியிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சிப் இருக்கும். போன் முனையை வெட்டி, மூணு கம்பியைச் சரியாகக் கண்டுபிடித்துச் சேர்த்தால் வேலை முடிந்தது. சென்னை ரிட்சி ஸ்ட்ரீட்டில் குவித்து வைத்து விற்ற கேபிள் அது. நான் வாங்கிய கடையில், 'போன் என்ன மாடல் சார்?' என்று கேட்டார். போனுக்கு இல்லைங்க, வெட்டப் போறேன் என்றேன். அவர் ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுப் பையில் போட்டுக் கொடுத்தார்.

ஆக, யாருக்கும் திறந்தே கொடுத்த ஷீவாபிளக் சூட்டில் செத்துக்கொண்டிருக்க, கம்பெனி தன் சேவைக்காகப் பூட்டி விற்ற போகோபிளக்கும் டாக்ஸ்டாரும் பூட்டு உடைபட்டு ஆண்டுக்கணக்கில் வீடுகளில் ஓடின. அவற்றை உயிரோடு வைத்தது 2004இல் ஸ்லக்கை உயிரோடு வைத்த அதே விஷயம்தான்: லினக்ஸ் என்பதால் மூல நிரலைக் கொடுக்க வேண்டிய கடமை, அப்புறம் மாலை நேரத்தைச் செலவழிக்கத் தயாரான கொஞ்சம் பேர்.

முடிவு 2012இல் வந்தது. பிப்ரவரி 29ஆம் தேதி ராஸ்பெர்ரி பை. 35 டாலர். பிளக் கம்ப்யூட்டரை அது ஒரே நாளில் பழசாக்கியது என்று எழுதுவார்கள். சர்வர் வேலையில் அது சரியில்லை. முதல் பையில் 256 எம்பி ராம், 100 மெகாபிட் நெட்வொர்க், அதுவும் யூஎஸ்பி வழியாக. டிஸ்க்கும் நெட்வொர்க்கும் ஒரே குழாயில் இடித்துக்கொள்ளும். ஸ்டோரேஜ் பெட்டி என்று பார்த்தால் மூணு வருஷம் மூத்த ஷீவாபிளக்குக்குப் பின்னால்தான் நின்றது. உண்மையான ஜிகாபிட்டும் யூஎஸ்பி 3.0வும் பையில் ஒன்றாக வந்தது 2019இல், நான்காம் தலைமுறையில். பை ஜெயித்தது விலையாலும், திரை மாட்ட முடிந்ததாலும், பிள்ளைகளுக்கு என்று சொல்லி வந்ததாலும். அது வேறு பந்தயம். வீட்டு சர்வருக்கான பந்தயத்தில் ஜெயித்தது அடுத்த இரண்டு மாதத்தில், ஏப்ரல் 24ஆம் தேதி வந்த கூகிள் டிரைவ். 5 ஜிபி இலவசம். கூகிளுக்குக் கம்பியின் சாய்வு ஒரு பிரச்சினையே இல்லை, ஏனென்றால் அகலமான பக்கத்தில் உட்கார்ந்திருப்பது அவர்கள்.

வீட்டில் இருப்பதால் மட்டும் பத்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் ஆல்பமும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றாகத்தான் நனைந்தன. அன்றைக்கு வெளியே ஒரு பிரதி வைத்திருந்தவர் பிழைத்தார். ஆனா ஃப்ரீடம்பாக்ஸ் மாதிரி பெட்டிகளுக்கு முதலிலிருந்தே இருந்த யோசனை ஒன்று உண்டு: உங்கள் மறையாக்கம் செய்த பிரதி என் பெட்டியில், என்னுடையது உங்கள் பெட்டியில். கோயம்புத்தூரில் ஒன்று, மதுரையில் ஒன்று. இரண்டு சொந்தக்காரர் வீடும் ஒரே நாளில் முழுகாது. இதற்கு வேண்டியது நல்ல ஏற்ற வேகமும், வெளியிலிருந்து தொட முடிகிற முகவரியும். 2010இல் இல்லாத முதலாவது, ஃபைபர் வந்ததும் இப்போது நிறைய வீடுகளில் இருக்கு. இரண்டாவது இன்னும் இழுபறிதான். ஐபிவி6 வந்த இடங்களில் பெட்டிக்குத் தனி முகவரி கிடைக்கிறது. வராத இடத்தில் மறுபடியும் நடுவில் ஒரு கம்பெனி.

ஃப்ரீடம்பாக்ஸ் சாகவில்லை. டெபியனின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது. 2019இல் பல்கேரியாவின் ஓலிமெக்ஸ் கம்பெனி அதைத் தயார்ப் பெட்டியாக விற்க ஆரம்பித்தது. பிளக் வடிவம் மட்டும் காணாமல் போய்விட்டது.

என்னிடம் இருப்பது ரோஸ் கலர் போகோபிளக். 256 எம்பி ராம், 128 எம்பி ஃபிளாஷ். அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான் பெட்டியோடு கொண்டுவந்து, 'இது எனக்கு வேலை செய்யலை, நீ வச்சுக்க' என்று கொடுத்துவிட்டுப் போனது. அவருக்கு வேலை செய்யாமல் போனது கம்பெனியின் சேவை; பெட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. டெபியன் போட்டு, நான் ஸ்கேன் செய்த பழைய புத்தகங்கள், பத்திரிகைப் பக்கங்கள், கல்வெட்டுப் படங்கள் எல்லாம் அதில்தான் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரைக்கான குறிப்புகளும் அங்கேதான். ஆர்மெல் என்று டெபியன் அழைக்கும் அந்தப் பழைய ஆர்ம் வகைக்கு 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13தான் கடைசி வெளியீடு. லினக்ஸ் கெர்னலின் மூல நிரலுக்குள் போய்ப் பார்த்தால் கிர்க்வுட் என்று ஆரம்பிக்கும் கோப்புகள் இன்னமும் வரிசையாக இருக்கின்றன: ஷீவாபிளக், குருபிளக், ட்ரீம்பிளக், டாக்ஸ்டார், போகோபிளக். பைனரியாக யாரும் தராவிட்டால் நாமே கம்பைல் பண்ணிக்கொள்ள வேண்டியதுதான். லேப்டாப்பில் பண்ணலாம். போகோபிளக்கிலேயே பண்ணினால், ஸ்லக் காலம் மாதிரி, இரவு ஆரம்பித்துவிட்டுத் தூங்கப் போய்விட வேண்டும்.